146 நாளும் ஒரு தட்டு நூடுல்ஸும்: கொரியப் படம் கொரியப் படமாவே நின்ன கதை

பாரசைட் படத்துல அந்த மழை ராத்திரி ஞாபகம் இருக்கா, கேம்பிங் போன பணக்காரக் குடும்பம் மழையால பாதியிலயே திரும்புது, வீட்டம்மா கார்ல இருந்து போன் போட்டு இதோ வந்துட்டோம், பையனுக்கு அந்த நூடுல்ஸ் செஞ்சு வைங்கன்னு கூலா சொல்றாங்க, இங்க வீட்டுக்குள்ள பொய் சொல்லி வேலைக்குச் சேந்த ஏழைக் குடும்பமும் பழைய வேலைக்காரம்மாவும் அடிச்சுப் புரண்டுகிட்டு இருக்காங்க. அந்த நூடுல்ஸுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில்ல ராம்-டான்னு பேர் போட்டிருப்பாங்க. அப்படி ஒரு ஐட்டம் அதுக்கு முன்னாடி உலகத்துலயே கிடையாது, சப்டைட்டில் எழுதினவர் ராமென், உடான் ரெண்டு பேரையும் ஒட்டி உண்டாக்கின பேரு அது. கொரியாவுல அதுக்குப் பேரு ஜப்பகூரி. சாப்பகெட்டி, நோகுரின்னு ரெண்டு ரக பாக்கெட் நூடுல்ஸ ஒன்னாப் போட்டுக் கிளறுறது, பேச்சிலர் ரூம் சாப்பாடு, நம்ம கணக்குக்கு மேகி. அதுமேல அந்த அம்மா ஹன்வூ மாட்டுக் கறிய வெட்டிப் போடச் சொல்றாங்க, ஹன்வூன்னா அந்த நாட்டு மாடு, விலையக் கேட்டா தலை சுத்தும். மேகிக்கு மேல வஞ்சிரம் வறுவல அடுக்குன மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். பணக்கார வீட்டுப் பையனுக்கும் ஏழைங்க திங்குற பாக்கெட் நூடுல்ஸ்தான் புடிக்குது, ஆனா அதை அப்படியே கொடுத்தா அம்மாவுக்கு கௌரவக் குறைச்சல். படம் மொத்தமும் சொல்ல வர்ற விஷயம் அந்த ஒரு தட்டுல இருக்கு. ராம்-டான்னு படிச்சுட்டு நாம தாண்டிப் போயிட்டோம்.

சப்டைட்டில் எழுதினவர் டார்சி பாகெட், சியோல்ல பல வருஷமா இருக்குற அமெரிக்கர், அவர் மேல குறை சொல்ல ஒன்னும் இல்ல, ரெண்டு வரிக்குள்ள அடக்கணும், ஆள் படிச்சு முடிக்குறதுக்குள்ள சீன் போயிரும், என்னதான் பண்ணுவாரு. சர்டிபிகேட் போர்ஜரி பண்ணுற சீன்ல சியோல் நேஷனல் யுனிவர்சிட்டின்னு வர்றத ஆக்ஸ்ஃபோர்டுன்னு மாத்தினாரு, அந்த ஊர் சாட் ஆப் காக்காவோ டாக்க வாட்ஸாப்னு மாத்தினாரு. ஆனா அந்த தைவான் கேக் கடைய மட்டும் அப்படியே விட்டுட்டாரு, அதுக்கு என்னத்தப் போட்டு மாத்துறது? கொரியாவுல வேலை போன நடுத்தர வயசு ஆளுங்க கைக்காசப் போட்டு அந்தக் கேக் கடைய வரிசையாத் திறந்து, 2017 வாக்குல வரிசையா இழுத்து மூடினாங்க. படத்துல ரெண்டு பேரு அதுல கவுந்தவங்க. கேக் கடைன்னு சொன்ன உடனே அந்த ஊர்க்காரனுக்கு வயித்தக் கலக்கும், நமக்கு அது சும்மா ஒரு கேக் கடை.

இதையெல்லாம் டைரக்டர் போங் ஜூன்-ஹோ படத்துக்குள்ள எங்கயும் உக்காந்து விளக்கவே இல்ல. வெளிநாட்டுக்காரனுக்குப் புரியட்டும்னு ஒரு டயலாக் கிடையாது. அந்த விளக்குற வேலைய படம் முடிஞ்ச பின்னாடி ஒரு ஆள் சம்பளம் வாங்கிட்டுப் பண்ணாரு, அவ்ளோதான். எனக்கு ரொம்ப நாளா இருக்குற கேள்வி, இப்படி யாருக்கும் விளக்காம படம் எடுக்குற தெனாவட்டு ஒரு இண்டஸ்ட்ரிக்கு எங்கேர்ந்து வருது?

ஆஸ்கர் வந்த அன்னிக்கு நம்மூர்லயும் எல்லாரும் சொன்னது ஒரே டயலாக்தான், மண்ணோட மணத்தோட எடு உலகமே கொண்டாடும்னு. (இன்னொரு கோஷ்டி இது நம்ம மின்சார கண்ணாவோட காப்பின்னு சொல்லிச்சு, தயாரிப்பாளர் கேஸ் போடுவேன்னு பேட்டியெல்லாம் கொடுத்தாரு, அதை விடுங்க.) மண் மணம்னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மண்ணு எல்லா ஊர்லயும்தான் இருக்கு, எல்லா ஊர் சினிமாவும் நிக்கலியே. கொரியாவுல நின்னதுக்குப் பின்னாடி இருக்குறது மணம் இல்ல, ஒரு நாள் கணக்கு. வருஷத்துல 146 நாள்.

ஸ்க்ரீன் கோட்டான்னு பேரு. ஒவ்வொரு தியேட்டரும் வருஷத்துல இத்தனை நாள் கொரியப் படம் ஓட்டியே ஆகணும், இல்லாட்டி கடைய சாத்த வெச்சுருவாங்க. 1966லயே சட்டத்துல வந்துருச்சு, 1985ல அது அஞ்சுல ரெண்டு பங்குன்னு ஆகி 146 நாள்னு நின்னுச்சு. உடனே பாத்தீங்களா அரசாங்கம் காப்பாத்துச்சுன்னு முடிவு கட்டிராதீங்க, ஆரம்பத்துல இந்தப் பாதுகாப்பு எல்லாம் குப்பைக்குத்தான் உரம் போட்டுச்சு. ராணுவ சர்வாதிகாரி பார்க் சங்-ஹீ ஆட்சியில இன்னொரு விதி கூடவே இருந்துச்சு, உள்ளூர்ல படம் எடுக்குறவனுக்குத்தான் வெளிநாட்டுப் படம் இறக்குமதி பண்ண லைசென்ஸ். காசு கொட்டுறது ஹாலிவுட் படத்துல. அதனால லைசென்ஸ் வாங்குறதுக்குன்னே கையில கிடைச்சத வெச்சு உள்ளூர்ப் படத்த சுட்டுத் தள்ளுனாங்க. சென்சார் வேற ராணுவக் கட்டுப்பாடு மாதிரி. கொரியன் படம்னாலே கொரியாக்காரனே மூஞ்ச சுளிச்ச காலம்.

அப்புறம் அமெரிக்கா வந்து கதவத் தட்டுச்சு. வர்த்தகத் தடை விதிப்போம்னு நெருக்கி, 1988ல ஹாலிவுட் கம்பெனிங்க நேரடியாவே கொரியாவுல டிஸ்ட்ரிபியூட் பண்ணலாம்னு ஆச்சு, அதுவரைக்கும் உள்ளூர் கம்பெனி வழியாத்தான் வரணும். முதல்ல இறங்குன படம் ஃபேட்டல் அட்ராக்‌ஷன். சினிமாக்காரங்க கொதிச்சாங்க, மறியல் பண்ணாங்க, அந்த வருஷங்கள்ல நேரடி ரிலீஸ் ஓடுற தியேட்டருக்குள்ள உயிரோட பாம்ப விட்ட கதையும் நடந்துச்சு. சிரிப்பா இருக்கலாம், ஆனா பயத்துல அர்த்தம் இருந்துச்சு, 1993ல மொத்த டிக்கெட்ல கொரியப் படத்தோட பங்கு சுமார் 16 சதவீதத்துக்கு விழுந்துருச்சு.

அதே 1993ல ரெண்டு விஷயம் நடந்துச்சு, இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். ஒன்னு, இம் க்வோன்-டேக் எடுத்த சோப்யோன்ஜே. பான்சோரின்னு அவங்க ஊர் பழைய பாட்டுக்கூத்து, ஒருத்தர் பாட ஒருத்தர் கொட்டு அடிக்க மணிக்கணக்காப் போகும், அழிஞ்சுகிட்டே இருந்த கலை, அதைப் பாடுற ஒரு அப்பன் மக பாட்டுல வலி ஏறணும்னு மகளோட கண்ணையே குருடாக்குறான். இந்தப் படம் சியோல்ல மட்டும் 10 லட்சம் டிக்கெட் தாண்டின முதல் கொரியப் படம். ரெண்டாவது, ஜுராசிக் பார்க் வந்துச்சு. அடுத்த வருஷம் ஜனாதிபதிக்கான அறிவியல் ஆலோசனைக் குழு ஒரு கணக்கு கொடுத்துச்சு, அந்த ஒத்தைப் படம் ஒரு வருஷத்துல சம்பாதிச்சது 15 லட்சம் ஹூண்டாய் கார ஏற்றுமதி பண்ண காசுக்கு சமம்னு. கார் வித்து வளந்த நாட்டுல இப்படிச் சொன்னா எங்க போய் உறைக்கும்னு நீங்களே யோசிங்க. அதுக்கப்புறம்தான் சினிமாங்குறது கலாசாரத் துறை சமாச்சாரம்ங்குற நெனப்பு மாறி தொழில்ங்குற நெனப்பு வந்துச்சு, சாம்சங், டேவூ எல்லாம் படத்துல காசு போட்டாங்க, சிஜே கம்பெனி 1995ல அமெரிக்காவுக்கே போயி ட்ரீம்வொர்க்ஸ்ல 30 கோடி டாலர் போட்டுச்சு, 1996ல பூசான் திரைப்பட விழா ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் அரசியல் சாசன கோர்ட்டு முன்-சென்சார் செல்லாதுன்னு சொல்லிருச்சு.

இந்தக் கடைசி விஷயத்த யாரும் பெருசாப் பேசுறதில்ல. என்னக் கேட்டா கோட்டாவுல பாதி, இந்தத் தீர்ப்புல பாதி. நாள மட்டும் ஒதுக்கிக் கொடுத்து வாயக் கட்டி வெச்சிருந்தா அந்தப் பழைய லைசென்ஸ் குப்பைதான் 146 நாளும் ஓடியிருக்கும்.

சரி, இந்தக் கொரிய டைரக்டருங்க மண்ணுலயே புரண்டு வளந்தவங்களான்னா அதுவும் இல்ல. போங் ஜூன்-ஹோ சின்ன வயசுல ராத்திரி ராத்திரி உக்காந்து பாத்தது கொரியாவுல இருந்த அமெரிக்க ராணுவத்துக்காக ஓடின டிவி சேனல், இங்கிலீஷ் புரியாம கதைய அவரே கற்பனை பண்ணிகிட்டு பாப்பாராம். 90கள் ஆரம்பத்துல சியோல்ல மஞ்சள் கதவுன்னு பேர் வெச்ச ஒரு சின்ன கிளப், அதுல இவரும் ஒரு ஆளு, காப்பி அடிச்ச வீடியோ கேசட்டுகள சேத்து வெச்சு உலகப் படமாப் பாத்துத் தள்ளுனாங்க. நம்ம பர்மா பஜார் டிவிடி தலைமுறைக்கு இது நல்லாவே புரியும், எங்க செட்லயே எத்தனை பேரு பாலித்தீன் கவர்ல போட்ட அந்த 50 ரூபா டிவிடியிலதான் கொரியாவயே பாத்தோம், பாதி டிஸ்க்குல சப்டைட்டில் வேற படத்தோடதா இருக்கும். அப்பா அம்மான்னு கூப்புடுறது மட்டும் சப்டைட்டில் இல்லாமலே காதுல விழும், அப்பாவ அவங்களும் அப்பான்னுதான் சொல்றாங்க, அம்மா அங்க ஓம்மா.

அதனால வெளிய இருந்து வர்றத எல்லாம் தடுத்து வெச்சதால உள்ளூர் அடையாளம் காப்பாத்தப்பட்டுச்சுன்னு யாராச்சும் சொன்னா அது தப்பு. 1999ல வந்த ஷிரிய எடுத்துக்கோங்க. துப்பாக்கி, வெடிகுண்டு, ஸ்டேடியத்துல கிளைமாக்ஸ், எடுத்த விதம் பூரா ஹாலிவுட்டும் ஹாங்காங்கும்தான். ஆனா கதை, தென்கொரிய ஏஜெண்ட் காதலிக்குற பொண்ணு வடகொரிய உளவாளி. இந்தக் கதைய உலகத்துல வேற எவனும் எடுக்க முடியாது. ஷிரிங்குறது கொரிய ஆறுகள்ல மட்டும் இருக்குற ஒரு சின்ன மீனு. 1998ல நாடே திவாலாகுற நெலமைக்குப் போயி, சனங்க வீட்டுத் தங்கத்தக் கொண்டாந்து அரசாங்கத்துக்குக் கொடுத்துகிட்டு இருந்த நேரத்துல டைட்டானிக் வந்து வசூல அள்ளிட்டுப் போச்சு. மறு வருஷம் சுமார் 60 லட்சம் டிக்கெட்டோட ஷிரி அதைத் தாண்டுச்சு, டைட்டானிக்க முங்கடிச்ச சின்ன மீனுன்னு அன்னிக்கு எழுதாத ஆளில்ல.

ஓல்ட்பாய் இன்னும் ஒரு படி மேல. அது ஜப்பான் காமிக்ஸ். 35 வருஷம் கொரியாவ ஆண்டு, கொரிய மொழியில படம் எடுக்குறதயே தடுத்த ஜப்பான். அந்நாட்டுப் பாட்டு, படம், காமிக்ஸ் மேல இருந்த தடையே 1998ல இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாத் தளந்துச்சு. அப்படியாப்பட்ட இடத்துல இருந்து கதைய எடுத்து, அதைத் தன்னோடதா மாத்தி, 2004 கான் விழாவுல கிராண்ட் ப்ரீ வாங்குனாரு பார்க் சான்-வூக், ஜூரி தலைவர் டாரண்டினோ. 2006ல போங் ஜூன்-ஹோவோட தி ஹோஸ்ட், அதுல வர்ற மிருகத்த கம்ப்யூட்டர்ல செஞ்சது சான் ஃப்ரான்சிஸ்கோ கம்பெனி, ஆனா படத்தோட முதல் சீன், அமெரிக்க ராணுவப் பிணவறையில பாட்டில் பாட்டிலா ஃபார்மல்டிஹைட ஹான் ஆத்துக்குப் போற சிங்க்குல ஊத்தச் சொல்றது, அது 2000ல நெசமாவே நடந்து ஊரே கொந்தளிச்ச சம்பவம். முதல் நிமிஷத்துலயே உள்ளூர்க்காரனுக்குக் கோவம் வந்துரும், வெளியூர்க்காரன் மிருகப் படம்னு பாப்பான். ரெண்டு பேருக்கும் டிக்கெட் காசு வீணில்ல.

இங்கதான் என் கேள்விக்கு பதில் இருக்குன்னு தோணுது. உள்ளூர் தியேட்டர்ல நாள் உறுதியா இருக்கு, உள்ளூர் ஆளு காசு கொடுத்து வர்றான், அவன் ஒருத்தன் வந்தாலே போட்ட காசு திரும்பிரும். அப்போ எழுதும்போது யார மனசுல வெச்சு எழுதுவ? அவனத்தான். வெளிநாட்டுல ஓடினா அது லாபத்துக்கு மேல லாபம். தெனாவட்டுன்னு சொன்னேனே, அது குணம் இல்ல, பேலன்ஸ் ஷீட்டு.

2006ல அமெரிக்கா மறுபடி வந்துச்சு, சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் பேசணும்னா முதல்ல கோட்டாவக் குறைன்னு. ஏற்கெனவே 1999லயே குறைக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப டைரக்டருங்க நடுரோட்டுல மொட்டை அடிச்சுகிட்டாங்க, இம் க்வோன்-டேக் மாதிரி பெரியவர் உட்பட. இந்தத் தடவ ஓல்ட்பாய் ஹீரோ சோய் மின்-சிக் அரசாங்கம் கொடுத்த விருதத் திருப்பிக் கொடுத்தாரு, நடிகருங்க ஒருத்தர் ஒருத்தரா அட்டையத் தூக்கிட்டுத் தனியாளா நின்னாங்க. பலிக்கல. ஜூலை 1ல இருந்து 146, 73 ஆச்சு, சரிபாதி. ஒரு தற்செயல் என்னன்னா அதே 2006 ஜூலையிலதான் நம்ம தமிழ்நாட்டுல தமிழ்ல பேர் வெச்சா கேளிக்கை வரி விலக்குன்னு உத்தரவு வந்துச்சு, எம்டன் மகன் எம் மகன் ஆச்சு, சம்திங் சம்திங்க வெட்டிட்டு உனக்கும் எனக்கும் மட்டும் மிஞ்சுச்சு. அவங்க சண்டை போட்டது தியேட்டர்ல எத்தனை நாளுங்குறதுக்கு, நாம காப்பாத்தினது போஸ்டர்ல இருக்குற பேர. எது எவ்ளோ தூரம் போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, வரிச்சலுகைக்காக வெச்ச தமிழ்ப் பேருக்குள்ள எத்தனை படம் எப்படி இருந்துச்சுன்னு நாமளே பாத்தவங்கதான்.

ஆனா ஒன்னு, கோட்டா காப்பாத்தினது கொரியப் படத்த, எல்லாக் கொரியப் படத்தையும் இல்ல. தி ஹோஸ்ட் வந்தப்ப நாட்டுல இருந்த 1,600 சொச்சம் ஸ்க்ரீன்ல 620 அதுக்கே போச்சு. சின்னப் படத்துக்கு ஹாலிவுட்டும் அண்ணன்தான், சிஜே மாதிரி உள்ளூர்ப் பெரிய கம்பெனியும் அண்ணன்தான். டைரக்டர் கிம் கி-டுக் அப்போ வெடிச்சுப் பேசி, இனி என் படத்தக் கொரியாவுல ரிலீஸே பண்ண மாட்டேன்னு சொன்னாரு. அவர் கேஸ் விசித்திரம், நம்மூர் பிளாகருங்க ஒரு காலத்துல அவரப் பத்தி எழுதாத நாளில்ல, திருவனந்தபுரம் திரைப்பட விழாவுல அவரு நடந்து போனப்ப கூட்டம் கூடுச்சு, அவங்க ஊர்ல பாதிப் பேருக்கு அவர் படம் எதுவும் தெரியாது. வெளியூர்ல சாமி, உள்ளூர்ல வெறும் கல்லு. (அவர் மேல பின்னாடி வந்த பாலியல் புகாருங்க வேற கதை, அதுல நான் அவருக்கு வக்காலத்து வாங்கல.)

இனி நாற்காலி மாறுன கதைக்கு வருவோம். 2017ல போங்கோட ஓக்ஜா நெட்ஃபிளிக்ஸ் காசுல வந்துச்சு, 5 கோடி டாலர். தியேட்டர்லயும் போன்லயும் ஒரே நாள்ல ரிலீஸ்னதும் பெரிய மல்டிபிளெக்ஸ் செயின் மூணும் போட முடியாதுன்னு கைவிரிச்சுட்டாங்க, நாட்டுல இருந்த ஸ்க்ரீன்ல 90 சதவீதத்துக்கும் மேல அந்த மூணு பேர் கையிலதான். அன்னிக்கு தியேட்டர்காரன் கை ஓங்கியிருந்துச்சு. 2019ல சுமார் 22.6 கோடி டிக்கெட், ஜனத்தொகையே 5 கோடி சொச்சம், ஆளுக்கு வருஷத்துக்கு 4 படத்துக்கு மேல, கைக்குழந்தைய எல்லாம் சேத்து! பாரசைட் வந்த வருஷம், கொரிய சினிமாவுக்கு நூறாவது வருஷமும் அதேதான். அப்புறம் கொரோனா. 2024லயும் 12 கோடி சொச்சத்துக்கு மேல ஏறல. 2025 கான் விழா போட்டிப் பிரிவுல ஒரு கொரியப் படம்கூட இல்ல.

அந்தக் கூட்டம் எங்க போச்சுன்னு கேக்கவே வேணாம். ஸ்க்விட் கேம் 2021ல வந்துச்சு, பத்து வருஷமா யாரும் காசு போட முன்வராத கதை, நெட்ஃபிளிக்ஸ்தான் போட்டுச்சு, அந்தப் பெருமைய மறைக்கக் கூடாது. பண்டமாற்றா உரிமை முழுக்க அவங்ககிட்ட, உலகமே பாத்தாலும் டைரக்டருக்கு ஒப்பந்தத்துல எழுதின காசு. 2023ல இன்னும் 4 வருஷத்துக்கு 250 கோடி டாலர் கொரியாவுல போடுறோம்னு அறிவிச்சாங்க. ஸ்க்விட் கேம்லயும் ஜப்பகூரி மாதிரி ஒரு விஷயம் இருக்கு, ஹீரோ வேலை பாத்து வெளிய தள்ளப்பட்ட கார் கம்பெனிக்குப் பேரு டிராகன் மோட்டார்ஸ். கொரியாக்காரனுக்கு உடனே சாங்யாங் மோட்டார் ஞாபகம் வரும், சாங்யாங்னாலே இரட்டை டிராகன், 2009ல சுமார் 2,600 பேர வேலைய விட்டு அனுப்பி, தொழிலாளிங்க 77 நாள் ஃபேக்டரிக்குள்ளயே உக்காந்து, போலீஸ் ஹெலிகாப்டர்ல வந்து அடிச்ச விவகாரம். அது கதைக்குள்ள இருக்கு, விளக்கம் இல்லாமலே இருக்கு, அதனால உள்ளூர் அடையாளம் ஓடிடியில செத்துருச்சுன்னு ஒரே போடா போட முடியாது. ஆனா காசு போடுறவன் கணக்கு வேற. முன்னாடி உள்ளூர் ஆள் பாத்து முடிச்ச படம்தான் வெளிய போச்சு, இப்போ ஒரே ராத்திரியில 190 நாட்டுல இறங்குது, முதல் பத்து நிமிஷத்துல பிரேசில்ல ஒருத்தன் நிறுத்திட்டு வேறத போட்டுட்டான்னா அதுவும் ரிப்போர்ட்ல வரும். அந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு அடுத்த கதைய எழுதுறவன் கேக் கடைய வைப்பானா, காபி ஷாப் வைப்பானா?

மொழியிலயே பாருங்க. கொரியன்ல நம்ம வா, வாங்க மாதிரி வினைச்சொல்லோட வாலுலயே யாரு பெரியவன்னு தெரிஞ்சுரும். பாரசைட்ல ஒரே குடும்பத்து ஆளுங்க பணக்கார வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முன்னபின்ன தெரியாத மாதிரி மரியாதையாப் பேசிக்குறாங்க, பாதி காமெடி அந்த வாலுல. இங்கிலீஷ்ல அத்தனையும் ஒரே யூ. தமிழ் டப்பிங்ல வேணா ஒழுங்காச் செஞ்சா வரும், ஆனா இங்கிலீஷ் சப்டைட்டில வெச்சுத்தான் நிறைய இடத்துல மத்த மொழிக்கே எழுதுறாங்க, கொரியன் இங்கிலீஷாகி அப்புறம் தமிழாகும்போது நமக்கு இயல்பா இருக்குற அந்த நீங்க வழியிலயே தொலைஞ்சு போயி, நாம அதை ஊகிச்சுத் திரும்ப ஒட்டணும்.

2025ல நெட்ஃபிளிக்ஸ்ல கேபாப் டீமன் ஹன்டர்ஸ் வந்துச்சு, அங்க அதிகம் பேர் பாத்த படம்னு ரெக்கார்டு. சியோல் டவர், பழைய நாட்டுப்புற ஓவியத்துல வர்ற புலியும் மேக்பை பறவையும், கிம்பாப், எல்லாம் அதுல இருக்கு. ஹோட்டல்ல உக்காந்ததும் டிஷ்யூ பேப்பர விரிச்சு அதுமேல ஸ்பூன், குச்சிய எடுத்து வைக்குற சீன் ஒன்னு வரும், கொரியாக்காரன் தினமும் யோசிக்காமலே பண்ணுற காரியம், அட இதக்கூடக் கவனிச்சிருக்காங்களேன்னு அவங்களே வியந்தாங்க. யாரும் எதையும் விளக்கல, ஜப்பகூரி மாதிரியேதான். டைரக்டருங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கொரியாவுல பொறந்து கனடாவுல வளந்தவங்க, எடுத்தது சோனியோட அமெரிக்க ஸ்டூடியோ, கேரக்டருங்க பேசுறது இங்கிலீஷ். கொரியத் தியேட்டர் கணக்குக்கு அது வெளிநாட்டுப் படம், அந்த 73 நாள்ல ஒரு நாள்கூட அதுக்குச் சேராது.